ரிங் மாற்றியும் நிற்காத புகை

ஆயில் ஸ்டிக்கை உருவிப் பார்த்தால் நுனியில்கூட ஈரமில்லை. புது ஆயில் ஊற்றி ஆயிரம் கிலோமீட்டர்தான் ஓடியிருக்கிறது. என் 100 சிசி வண்டியின் இன்ஜின் மொத்தமே 900 மில்லி ஆயில்தான் பிடிக்கும். அதில் 350 மில்லி எங்கே போனது என்று தேட வேண்டிய அவசியமே இல்லை. பின்னால் வருகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்குவதிலேயே தெரிந்துவிட்டது.

வெட்கம் என்னவென்றால், இது போன வருடம் நானே பிரித்து 'சரிசெய்த' இன்ஜின். அப்போது சிலிண்டர் பிளாக்கைக் கழற்றி, போருக்குள், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் உருளை ஓட்டைக்குள், எமரி தாளை மேலும் கீழும் தேய்த்து, பெட்ரோலில் துடைத்து, பிஸ்டனைச் சுற்றி உட்காரும் ரிங் செட்டைப் புதிதாகப் போட்டு மூடினேன். எதையும் அளக்கவில்லை. முதல் மாதம் வண்டி பறந்தது. 2,000 கிலோமீட்டரில் புகை திரும்ப வந்தது, முன்பைவிட நன்றாகவே. இந்த முறை அளக்காமல் ஒரு நட்டையும் திருப்பி முறுக்குவதில்லை என்று முடிவு.

பிரிப்பதற்கு முன்பே பாதி விஷயம் தெரிந்துகொள்ளலாம். ராத்திரி முழுக்க நின்ற வண்டி காலையில் ஸ்டார்ட் ஆனதும் ஒரு மூச்சு நீலப் புகை விட்டு அடங்கினால், பெரும்பாலும் வால்வ் சீல், அதாவது வால்வ் தண்டு வழியாக ஆயில் இறங்காமல் தடுக்கும் ரப்பர். ஆக்ஸிலேட்டரை முறுக்க முறுக்கப் புகை கூடினால் ரிங், போர் பக்கம் பார்க்க வேண்டும். என்னுடையது இரண்டாவது ரகம். இன்ஜினைச் சூடாக்கி, பிளக்கைக் கழற்றி, அந்த ஓட்டையில் அழுத்தத்தை அளக்கும் கம்ப்ரஷன் கேஜை மாட்டி, ஆக்ஸிலேட்டரை முழுக்கத் திறந்து வைத்துக்கொண்டு கிக்கரை ஏழெட்டு உதை உதைத்தேன். சதுர சென்டிமீட்டருக்கு 6.5 கிலோ. பிளக் ஓட்டை வழியாக ஒரு டீஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி உதைத்தால் 9.5. ஆயில் போய் ரிங்கைச் சுற்றியிருக்கும் இடைவெளியை அடைத்ததால்தான் இந்த ஏற்றம். வால்வில் ஒழுக்கு இருந்திருந்தால் ஆயில் விட்டாலும் முள் பெரிதாக நகர்ந்திருக்காது. ஆக, வால்வுகள் உட்காரும் ஹெட்டின் மேல் பழி போட வழியில்லை.

சனிக்கிழமை பிரித்தேன். கிராங்க் முனையில் சுழலும் மேக்னெட்டின் 'T' கோட்டைக் குறிக்கு நேராகக் கொண்டுவந்து (பிஸ்டன் உச்சியில் நிற்பதன் அடையாளம் அது), வால்வுகளைத் திறக்கும் கேமின் பல்சக்கரமான கேம் ஸ்ப்ராக்கெட்டைக் கழற்றி, டைமிங் செயின் உள்ளே விழாமல் ஒரு கம்பியில் கட்டித் தொங்கவிட்டேன். ஹெட் நட்டுகளைக் குறுக்கு மறுக்காகக் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்தினால் ஹெட் வளையாது. பிளாக் பிடித்துக்கொண்டு வர மறுத்தது. ரப்பர் சுத்தியால் தடிமனான இடத்தில் தட்டினேன். சூட்டைத் தணிக்கும் மெல்லிய ஃபின்னில் தட்டினால் உடைந்துவிடும், வார்ப்பு அலுமினியத்துக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

பிஸ்டனைத் துடைக்காமல் அப்படியே கொஞ்ச நேரம் பார்க்க வேண்டும். அதில்தான் எல்லாம் எழுதியிருக்கிறது. ரிங்குகளுக்குக் கீழே, ஸ்கர்ட் எனும் பிஸ்டனின் கீழ்ப்பகுதியில், காபி நிறத்தில் படலம்: எரிந்த வாயு ரிங்கைத் தாண்டி கீழே இறங்கியிருக்கிறது. ஸ்கர்ட்டின் இன்டேக் பக்கமும் எக்ஸாஸ்ட் பக்கமும் செங்குத்தாகக் கீறல்கள். மூன்றாவது பள்ளத்தில், அதாவது ஆயில் ரிங் உட்காரும் இடத்தில், ஆயில் உள்ளே வடியப் போட்டிருக்கும் துளைகளில் பாதி கரியால் அடைத்துக் கிடந்தன. சுவரிலிருந்து வழித்த ஆயிலுக்குப் போக வழியில்லை என்றால் அது மேலேதான் ஏறும், எரியத்தான் செய்யும்.

ரிங் பற்றி நான் தவறாகவே நினைத்துக்கொண்டிருந்தேன். ரிங் தன் வில் தன்மையால் சுவரை அழுத்துகிறது, அதுதான் அடைப்பு என்று எண்ணம். அந்த அழுத்தம் ரொம்பக் கொஞ்சம். எரியும்போது மேலே உருவாகும் வாயு பள்ளத்துக்குள் புகுந்து, ரிங்கின் முதுகில் நின்று அதைச் சுவரோடு தள்ளுகிறது. பெரிய வேலையைச் செய்வது வாயுதான். பள்ளத்தில் கரி இறுகி ரிங் அசைய முடியாமல் போனால் இது நடக்காது. போன வருடம் புது ரிங்கைப் பழைய கரியின் மேலேயே ஏற்றியது நினைவுக்கு வந்தது. இந்த முறை பழைய ரிங்கை உடைத்து, அந்தத் துண்டாலேயே பள்ளத்தைச் சுரண்டினேன். அதைவிடப் பொருத்தமான கருவி கிடையாது. ஆனால் அலுமினியத்தையும் சேர்த்துச் சுரண்டிவிடக் கூடாது. சுரண்டி முடித்த பிறகுதான், அந்தப் பிஸ்டனே இனி உதவாது என்று தெரியவந்தது. அந்தக் கதை பிறகு.

போர் கண்ணாடி போலப் பளபளத்தது. பார்க்க அழகு, இன்ஜினுக்குக் கேடு. சுவரில் குறுக்கு மறுக்கான நுண்ணிய கோடுகள் இருந்தால்தான் அவற்றில் ஆயில் தங்கும். மேல் விளிம்பில் நகத்தை வைத்து இழுத்தால் ஒரு சின்னப் படி தட்டுகிறது. மேல் ரிங் திரும்புகிற இடம் அது. அங்கே பிஸ்டன் ஒரு கணம் நிற்கிறது, வெப்பமும் அழுத்தமும் உச்சத்தில், ஆயில் படலம் மிக மெல்லியது. போர் முதலில் தேய்வது எப்போதும் அங்கேதான். ஒரு காந்தத்தையும் சுவரில் வைத்துப் பார்த்தேன், பலமாக ஒட்டியது. அலுமினியத்துக்குள் வார்ப்பிரும்பு ஸ்லீவ் (உறை), குடைந்து பெரிதாக்கலாம். சில வண்டிகளில் ஸ்லீவ் இருக்காது. அலுமினியச் சுவரின் மேலேயே நிக்கல் கலந்த கடினப் பூச்சு இருக்கும். அதைக் குடைந்தால் பூச்சு போய்விடும், மறுபடி பூச்சுப் போட வேண்டும் அல்லது பிளாக்கையே மாற்ற வேண்டியதுதான்.

என்னிடம் போர் கேஜ் இல்லை, இடைவெளியில் செருகி அளக்கும் மெல்லிய தகடுகளான ஃபீலர் கேஜ் மட்டும் உண்டு. மேல் ரிங்கைத் தனியாகப் போருக்குள் விட்டு, பிஸ்டன் தலையால் தள்ளி நேராக உட்காரவைத்து, இரண்டு முனைகளுக்கும் நடுவே இருக்கும் இடைவெளியை அளந்தேன். பிஸ்டன் ரிங்குகள் எட்டாத அடிப்பகுதியில் 0.30 மில்லிமீட்டர். மேலே, விளிம்பிலிருந்து 10 மில்லிமீட்டர் கீழே, 0.50. வித்தியாசம் 0.20. இது சுற்றளவில் வந்த வித்தியாசம் என்பதால் 3.14 ஆல் வகுத்தால் விட்டம் கிடைக்கும்: ஏறத்தாழ 0.06. அதாவது போர் மேலே அவ்வளவு விரிந்திருக்கிறது. கம்பெனி புத்தகம் 50 மில்லிமீட்டர் போருக்கு 0.10 வரை தாங்கலாம் என்கிறது. தப்பித்தோம் என்று ஒரு நாள் முழுக்கச் சந்தோஷமாக இருந்தேன்.

லேத் பட்டறையில் டயல் போர் கேஜை விட்டதும் அந்தச் சந்தோஷம் போனது. மேலே இன்டேக்–எக்ஸாஸ்ட் திசையில் 50.11, பிஸ்டன் பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் உருளைக் கம்பி) இருக்கும் திசையில் 50.06, அடியில் 50.02. போர் வட்டமாகவே இல்லை, முட்டை. ரிங் சுற்றளவைத்தான் காட்டும், கோணலைக் காட்டாது. இரண்டு திசைகளின் சராசரி அடியைவிட 0.065 அதிகம், என் கணக்கும் கிட்டத்தட்ட அதுவேதான். கணக்கு சரி, கேள்விதான் தவறு. பிஸ்டன் ஏறி இறங்கும்போது கனெக்டிங் ராடு சாய்வதால் பிஸ்டன் பக்கவாட்டில் சுவரோடு சாய்த்துத் தள்ளப்படுகிறது. தள்ளுவது எப்போதும் பின்னுக்குக் குறுக்கான திசையில்தான். தேய்மானமும் அந்தத் திசையில்தான் விழுகிறது. பழைய பிஸ்டன் ஸ்கர்ட் 49.93. போரின் அகலமான இடத்தில் இடைவெளி 0.18. முட்டை வடிவ ஓட்டைக்குள் எத்தனை புது ரிங் போட்டாலும் இரண்டு பக்கம் ஒளி தெரியத்தான் செய்யும்.

"அண்ணே, 0.25 ஓவர்சைஸுக்குக் குடைஞ்சு வைங்க, பிஸ்டன் அப்புறமா வாங்கிட்டு வர்றேன்" என்றேன் பட்டறைக்காரரிடம். அவர் கேஜைத் துடைத்தபடியே, "பிஸ்டனை முதல்ல கொண்டு வாங்க தம்பி. அதை அளந்துதான் போர். பெட்டிமேல போட்டிருக்கிற நம்பருக்குக் குடைய மாட்டேன்" என்றார். அன்று நான் கேட்டதிலேயே உருப்படியான வார்த்தை அதுதான்.

புதுப் பிஸ்டனை வீட்டில் மைக்ரோமீட்டரில் வைத்தபோது ஒரு கூத்து. ஸ்கர்ட்டின் அடியிலிருந்து 10 மில்லிமீட்டர் மேலே, பின்னுக்குக் குறுக்காக 50.22. பின் திசையில் வைத்தால் அதைவிட நன்றாகக் குறைகிறது. தலைப்பக்கம் இன்னும் குறைவு. மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே திருப்பிக் கொடுக்கக் கிளம்பிவிட்டேன். நல்லவேளை, பழையதையும் அளந்து பார்த்தேன், அதுவும் அப்படியே. வேண்டுமென்றேதான் அப்படிச் செய்கிறார்கள். 50 மில்லிமீட்டர் அலுமினியம் 100 டிகிரி சூடேறினால் சுமார் 0.1 மில்லிமீட்டர் பெருக்கும், வார்ப்பிரும்பு அதில் பாதிதான். பிஸ்டனில் தலைதான் அதிகம் சூடாகும், பின் உட்காரும் பக்கம் உலோகம் அதிகம். எங்கே அதிகம் பெருக்குமோ அங்கே முன்கூட்டியே குறைத்து வைக்கிறார்கள். சூடேறிய பிறகுதான் பிஸ்டன் வட்டமாகிறது.

போர் 50.25 ஆக வந்தது, இடைவெளி 0.03. ஒரு தலைமுடியின் தடிமன்கூட இல்லை. சுவரில் குறுக்குக் கோடுகள் போட்டுத்தான் கொடுத்தார். புது ரிங்கை உள்ளே விட்டு அளந்தால் முனை இடைவெளி 0.15. இது இல்லாமல் முனைகள் ஒட்டி இருந்தால் சூட்டில் ஒன்றையொன்று முட்டி ரிங் சுவரைக் கிழிக்கும்.

அடுத்து கழுவுதல். போன வருடம் கெட்டது இங்கேதான் என்று இப்போது நினைக்கிறேன். பெட்ரோல் எண்ணெயை மட்டும் கரைத்து எடுத்துக்கொண்டு போகும். கோடுகளின் நடுவே உட்கார்ந்த எமரித் தூள் அங்கேயே இருக்கும். அது ரிங்கையும் பிஸ்டனையும் நாள் முழுக்க அரைத்துக்கொண்டிருந்திருக்கிறது. இம்முறை வெந்நீர், சோப்பு, நைலான் பிரஷ். கழுவி, வெள்ளைத் துணியில் ஆயில் தொட்டுத் துடைத்தேன்: சாம்பல் நிறம். மறுபடி கழுவினேன், மறுபடி சாம்பல். ஐந்தாவது தடவைதான் துணி வெள்ளையாக வந்தது. உடனே ஆயில் தடவிவிட வேண்டும், இல்லையென்றால் டீ குடித்துவிட்டு வருவதற்குள் துரு பூத்துவிடும்.

மாட்டும்போது: பிஸ்டன் தலையில் இருக்கும் 'IN' எழுத்து இன்டேக் பக்கம். ரிங்கில் எழுத்து இருக்கும் முகம் மேலே. மூன்று ரிங் வாய்களும் ஒரே நேர்கோட்டில் நிற்காமல் 120 டிகிரி தள்ளித் தள்ளி. பிஸ்டன் பின்னைப் பிடித்து நிறுத்தும் சர்க்ளிப் வளையம் ஒன்று இடுக்கியிலிருந்து துள்ளி நேராக இன்ஜின் வாய்க்குப் பாய்ந்தது. அங்கே துணி அடைத்து வைத்திருந்ததால் இந்தக் கட்டுரை இத்தோடு முடிகிறது. இல்லையென்றால் இன்ஜினின் அடிக்கூடான கிராங்கேஸையும் பிரித்த கதையைப் படித்திருப்பீர்கள். ஆயில் ரிங்கின் மெல்லிய தகடுகள்தான் பிளாக்கின் வாயில் அடம்பிடித்தன. பிஸ்டனுக்கு அடியில் இரண்டு மரச் சட்டங்களை முட்டுக்கொடுத்து, விரலால் ரிங்கை அமுக்கி அமுக்கி இறக்கினேன். வலுக்கட்டாயமாகத் தள்ளினால் தகடு மடங்கிவிடும்.

நட்டுகளை முறுக்கியதும் கிக்கரைத் தொடவில்லை. மேக்னெட் நட்டில் ஸ்பேனர் போட்டு, கையால் இரண்டு முழுச் சுற்று. 'T' கோடு நேராக நிற்கும்போது கேம் ஸ்ப்ராக்கெட்டின் கோடு ஒரு பல் தள்ளி நின்றது. திரும்பக் கழற்றி மாட்டினேன். டேப்பெட் (வால்வ் இடைவெளி) இரண்டும் 0.05 மில்லிமீட்டர்.

மூன்றாவது உதையில் பிடித்தது. முதல் ஐந்து நிமிடம் புகை. உள்ளே தடவிய ஆயில்தான் என்று தெரிந்தும் வயிறு கலங்கியது. பிறகு அடங்கியது. அன்று முதல் வேகத்தை ஏற்றி இறக்கி ஓட்டுகிறேன், ஒரே வேகத்தில் பிடித்து வைப்பதில்லை, மேல் கியரில் இழுக்கவிடுவதும் இல்லை. ஆனால் கோழிக்குஞ்சைப் போலப் பொத்தி வைக்கவும் இல்லை, வாயு முதுகில் தள்ளினால்தான் ரிங் சுவரில் பொருந்தும். 100 கிலோமீட்டரில் ஆயிலை வடித்தபோது வெயிலில் வெள்ளிப் பொடி மின்னியது. 500 இல் இரண்டாவது முறை, மினுமினுப்பு மிகக் குறைவு. கம்ப்ரஷன் 11.5 கிலோ. 820 கிலோமீட்டர் ஆகிறது, ஆயில் ஸ்டிக்கில் மேல் கோட்டுக்குச் சற்றே கீழே நிற்கிறது. சைலன்சர் முனையில் விரலை வைத்தால் ஒட்டுகிற கரி இல்லை, உலர்ந்த சாம்பல் நிறம்.