நல்ல ஏரியா

அலபாமா மாநிலத்தின் ஹண்ட்ஸ்வில் நகருக்கு நாங்கள் குடிவந்தபோது வாடகைக்கு வீடு தேடும் பொறுப்பு என்னிடம் வந்து சேர்ந்தது. கணவரின் விசாவைச் சார்ந்து வந்தவள் என்பதால் எனக்கு வேலை பார்க்க அனுமதி இல்லை. பகல் முழுவதும் அபார்ட்மென்ட் விளம்பரங்களைப் புரட்டுவதே வேலையாக இருந்தது. அவற்றில் ஒரு வீடு எங்களுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று. வாடகை குறைவு, சன்னலைத் திறந்தால் ஓக் மரங்கள். தமிழர்களின் வாட்ஸாப் குழுவில் விசாரித்தேன். "அது நல்ல ஏரியா இல்லைங்க" என்று ஒரே வரியில் பதில் வந்தது. ஏன் என்று யாரும் எழுதவில்லை, நானும் கேட்கவில்லை. ஊர் என்றும் காலனி என்றும் இரண்டாகப் பிரிந்து கிடந்த கிராமத்தில் வளர்ந்தவளுக்கு அந்த வரியைப் புரிந்துகொள்ள விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை. மாதம் இருநூறு டாலர் கூடுதலாகக் கொடுத்து வேறு வீட்டுக்குப் போனோம்.

இரண்டு ஆண்டுகள் கழித்து, ஒன்பதாம் வகுப்பில் இருந்த என் மகளுக்குப் பள்ளியில் 'டு கில் எ மாக்கிங்பேர்ட்' நாவலைப் பாடமாகக் கொடுத்தார்கள். இதே அலபாமாவின் மன்ரோவில் என்ற சிற்றூரில் பிறந்த ஹார்ப்பர் லீ எழுதி 1960இல் வெளிவந்து, மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற நாவல். தெற்கத்தி ஆங்கிலம் எனக்கு அப்போதும் பிடிபடவில்லை. மருந்துக்கடைப் பெண் சொல்வதை மூன்று முறை கேட்டுவிட்டுப் புரிந்ததுபோல் தலையாட்டி வருவேன். மகளோடு சேர்ந்து படித்தால் காதாவது பழகுமே என்று நூலகத்திலிருந்து இன்னொரு பிரதி எடுத்துவந்தேன். இரவுச் சமையல் முடிந்த பின் ஆளுக்கு ஒரு பக்கமாக உரக்கப் படிப்பது வழக்கமாயிற்று.

கதை 1930களின் பொருளாதார வீழ்ச்சிக் காலத்தில் நடக்கிறது. ஸ்கவுட் என்ற சிறுமி, அவளுடைய அண்ணன் ஜெம், தாயில்லாத அந்தப் பிள்ளைகளை வளர்க்கும் வழக்கறிஞர் அட்டிகஸ். வெள்ளைக்காரப் பெண் ஒருத்தியைக் கெடுத்ததாகப் பொய்க்குற்றம் சுமத்தப்பட்ட டாம் ராபின்சன் என்ற கறுப்பினத் தொழிலாளிக்காக அட்டிகஸ் வாதாடுகிறார். அடி விழுந்தது பெண்ணின் வலக் கன்னத்தில். எதிரே நின்று இடக்கையால் அடித்தால்தான் அங்கே விழும். டாமின் இடக்கையோ பருத்தி அரவை இயந்திரத்தில் சிக்கிச் சிறு வயதிலேயே செயலற்றுப்போனது. அத்தனையும் கண்ணெதிரே நிரூபிக்கப்பட்ட பிறகும் ஜூரிகள் அவனைக் குற்றவாளி என்கிறார்கள். அந்த இடத்தில் ஜெம் அழுவான். என் மகள் அழவில்லை. புத்தகத்தை மூடிவிட்டுத் தண்ணீர் குடிக்க எழுந்து போனாள்.

எல்லோரும் அட்டிகஸைக் கொண்டாடுகிறார்கள். எனக்கென்னவோ மனத்தில் நின்றவள் அந்த வீட்டில் சமையல் செய்யும் கறுப்பினப் பெண் கால்பூர்னியாதான். ஏழைப் பையன் ஒருவன் விருந்துக்கு வந்து, கறி, காய் எல்லாவற்றின் மேலும் வெல்லப்பாகை ஊற்றிக்கொள்ளும்போது ஸ்கவுட் சத்தம் போட்டுக் கேலி செய்ய, கால்பூர்னியா அவளைச் சமையலறைக்கு இழுத்துப்போய், இந்த வீட்டு வாசலை மிதித்தவர் யாராயினும் நம் விருந்தாளி என்று சொல்லி, ஓர் அடியும் வைத்து, மிச்சச் சாப்பாட்டை அடுக்களையிலேயே உண்ணவைக்கிறாள். ஸ்கவுட்டுக்கு ஒழுக்கம் முதலில் வாய்த்தது நீதிமன்றத்தில் அல்ல, அடுக்களையில்தான் என்று நினைக்கிறேன். பிறகு பிள்ளைகளைத் தன் தேவாலயத்துக்கு அழைத்துப் போகும்போது கால்பூர்னியாவின் பேச்சே மாறிவிடுகிறது. எசமான் வீட்டில் ஒரு மொழி, தன் மக்களிடம் ஒரு மொழி. இதை எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. தொலைபேசியில் தோழியிடம் பேசும்போது என் மகளுக்கு வரும் குரலும் என்னிடம் 'அம்மா, தோசை போதும்' என்னும் குரலும் வேறு வேறு. ஆனால் அந்தக் கால்பூர்னியா இரவில் தன் வீட்டுக்குப் போய் என்ன நினைத்தாள் என்பது நாவலில் இல்லை. டாமுக்கும் சாட்சிக்கூண்டில் நின்ற நேரம் தவிரப் பெரிதாகப் பேச இடமில்லை. வெள்ளைக் குழந்தையின் கண்ணுக்கு எட்டியது மட்டுமே கதை. அது நாவலின் பலமும்தான், குறையும்தான்.

எங்கள் வாசிப்பு நிலைகுலைந்தது தீர்ப்புக்குப் பின்னால் வரும் இரண்டு சிறிய காட்சிகளில். ஒன்றில், ஊர்ப் பெண்கள் தேநீர் அருந்தியபடி ஆப்பிரிக்காவின் எங்கோ ஒரு பழங்குடிக்காகக் கண்ணீர் விடுகிறார்கள். அதே மூச்சில், தீர்ப்புக்குப் பிறகு தங்கள் வீட்டுக் கறுப்பின வேலைக்காரிகள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பதாகக் குறைப்படுகிறார்கள். அந்தக் கூடத்தை நான் எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. பார்த்தது எங்கள் வரவேற்பறையில்தான். விமான நிலையத்தில் நம்மவர் ஒருவரைத் தனியே நிறுத்திச் சோதித்த கதையை எல்லோரும் கொதித்துப் பேசிய அதே மாலையில், புதிதாக வந்த குடும்பத்துக்கு எந்தப் பக்கம் வீடு பார்க்கக் கூடாது என்று நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

மற்றக் காட்சியில், யூதர்களை வதைக்கும் ஹிட்லரை வகுப்பில் கண்டிக்கும் ஆசிரியை, நீதிமன்றப் படிகளில் இறங்கும்போது கறுப்பினத்தவருக்கு யாராவது பாடம் புகட்டத்தான் வேண்டும் என்று சொன்னதை ஸ்கவுட் நினைத்துப் பார்க்கிறாள். அதெப்படி ஒருவரால் இரண்டும் முடிகிறது என்று அவளுக்கு விளங்கவில்லை. அந்தப் பக்கத்தை மகள்தான் படித்தாள். படித்துவிட்டு, நிமிராமலே கேட்டாள்.

"அம்மா, அந்த ஓக் மரத்து வீட்டை ஏன் வேண்டாம்னு சொன்னீங்க?"

"ஸ்கூல் சரியில்லைன்னு சொன்னாங்க."

"அந்த வீடும் என் ஸ்கூலுக்குத்தான் வரும். என் கூடப் படிக்கிற ரெண்டு பேர் அங்கேர்ந்துதான் வர்றாங்க."

அடுப்பை ஏற்கெனவே துடைத்திருந்தேன். மறுபடியும் துடைத்தேன்.

அந்த ஏப்ரலில் மன்ரோவில்லுக்குப் போனோம். ஹண்ட்ஸ்வில்லிலிருந்து நெடுஞ்சாலை 65இல் தெற்கே ஏறக்குறைய ஐந்து மணி நேரப் பயணம். 1903இல் கட்டிய பழைய நீதிமன்றம் இப்போது அருங்காட்சியகம். எழுத்தாளரின் தந்தை வாதாடிய இடம் அது. நாவலைத் தழுவிய திரைப்படத்துக்காக ஹாலிவுட்டில் எழுப்பிய நீதிமன்றக் கூடம் இதைப் பார்த்துச் செய்ததுதான். (நாவலின் தலைப்பில் உள்ள மாக்கிங்பேர்ட் என்ற பறவைக்குத் தமிழில் பெயர் தேடிக் களைத்தேன். எங்கள் அபார்ட்மென்ட் கார் நிறுத்துமிடத்தில் ஒன்று இருக்கிறது; வசந்த காலத்தில் நள்ளிரவில், மற்றப் பறவைகளின் குரலோடு கார் எச்சரிக்கை ஒலியையும் சேர்த்துப் பாடி என் உறக்கத்தைக் கெடுக்கும். பாடுவதைத் தவிர அது எந்தத் தீங்கும் செய்வதில்லை என்று நாவலில் வரும் பேச்சோடு எனக்குச் சிறு கருத்து வேறுபாடு உண்டு.)

நாவலில் கறுப்பினத்தவர் உட்கார வேண்டிய இடம் நீதிமன்றக் கூடத்தின் மேல்மாடம். ஸ்கவுட்டும் ஜெம்மும் வழக்கைப் பார்த்ததும் அங்கிருந்துதான். மகள் கீழே நின்று மேலும் கீழும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்போ இருந்திருந்தா நாம எங்க உட்கார்ந்திருப்போம்?"

"நமக்கு விசாவே கிடைச்சிருக்காது" என்று என் கணவர் சிரித்தார். வேடிக்கைக்குச் சொன்னாலும் அது உண்மை. 1917ஆம் ஆண்டுச் சட்டம் இந்தியா உள்ளிட்ட ஆசியப் பகுதியிலிருந்து குடிவருவதைத் தடுத்துவிட்டது. அதற்கு முன்பே வந்து, தன்னையும் வெள்ளையராகக் கருதிக் குடியுரிமை தர வேண்டும் என்று வழக்காடிய பகத் சிங் தின்ட் என்ற சீக்கியருக்கு உச்ச நீதிமன்றம் 1923இல் முடியாது என்றது. அவர் கேட்டது மாடத்தை ஒழிக்கச் சொல்லி அல்ல, கீழே தனக்கு ஓர் இருக்கை. நானும் இருநூறு டாலர் கொடுத்து வாங்கியது அதைத்தான். நாடு வாரியான பழைய ஒதுக்கீட்டை நீக்கி எங்களைப் போன்றவர்களுக்கு வழிவிட்ட குடிவரவுச் சட்டம் வந்தது 1965இல். இதே அலபாமாவின் செல்மா பாலத்தில் வாக்குரிமை கேட்டு நடந்த கறுப்பின மக்கள் போலீஸ் தடியடியில் இரத்தம் சிந்தியதும் அதே ஆண்டு மார்ச் மாதத்தில். அந்த இயக்கம் நாட்டின் மனச்சாட்சியை உலுக்கியிராவிட்டால் அந்தச் சட்டம் அவ்வளவு எளிதில் வந்திருக்காது.

இதில் பாதியைத்தான் மகளிடம் சொல்ல முடிந்தது. அவள் அதற்குள் படியேறிப் போயிருந்தாள். நானும் பின்னாலேயே ஏறி, முன்வரிசை மரப்பலகையில் அவளருகே உட்கார்ந்தேன். கைப்பிடிக் கட்டையில் முகவாயை வைத்துக்கொண்டு கீழே பார்த்தபடி, "இங்கேர்ந்து ஜூரி முகமெல்லாம் நல்லாத் தெரியும்மா" என்றாள்.