பதிமூவாயிரத்துச் சொச்சம் ஓட்டில் நழுவிய செனட்

2020 நவம்பர் 3 அன்று அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் நடந்த செனட் (நாடாளுமன்ற மேலவை) தேர்தலில் குடியரசுக் கட்சியின் டேவிட் பெர்டூ தோற்கவில்லை. ஜனநாயகக் கட்சியின் ஜான் ஒசாஃபைவிட சுமார் 88,000 ஓட்டு கூடுதலாகத்தான் வாங்கினார், 49.7 சதவீதம். ஆனால் அந்த மாநிலச் சட்டப்படி பாதியைத் தாண்டினால்தான் வெற்றி, இல்லாவிட்டால் முதலிரண்டு பேருக்கும் மறுதேர்தல். பாதியைத் தொட அவருக்கு ஏறக்குறைய 13,500 ஓட்டு போதவில்லை. லிபர்டேரியன் கட்சியின் ஷேன் ஹேசல் தனியாக 1,15,000 ஓட்டைப் பிரித்திருந்தார்.

அதே மாநிலத்தின் இன்னொரு செனட் இடத்துக்கு இடைத்தேர்தல். ஜானி ஐசக்சன் உடல்நலக் குறைவால் விலகியதும் ஆளுநர் நியமித்தவர் கெல்லி லெஃப்லர். கட்சிக்குள் முன்தேர்வு கிடையாது, 20 பேர் களத்தில். லெஃப்லரும் டக் காலின்ஸும் குடியரசுக் கட்சி ஓட்டைப் பங்குபோட, ஜனநாயகக் கட்சியின் ரஃபேல் வார்னாக் முதலிடத்துக்கு வந்துவிட்டார். அவரும் பாதியைத் தாண்டாததால் லெஃப்லருடன் மறுதேர்தல்.

அப்போது செனட்டில் குடியரசுக் கட்சிக்கு 50, ஜனநாயகக் கட்சி அணிக்கு 48. ஜனநாயகக் கட்சிக்கு இரண்டுமே வேண்டும். ஒன்று போனாலும் கதை முடிந்தது.

மறுதேர்தலில் புது ஓட்டைத் தேடுவதைவிட, பழைய ஓட்டைத் திரும்ப வரவழைப்பதுதான் பெரும்பாடு. நவம்பரில் ஏறக்குறைய 50 லட்சம் பேர் போட்டார்கள். 2021 ஜனவரி 5 அன்று சுமார் 45 லட்சம். ‘நவம்பர் எண்ணிக்கையே மோசடி’ என்று டிரம்ப் முழங்கிக்கொண்டிருக்க, அவருடைய கிராமப்புறக் கோட்டைகளில்தான் ஓட்டு அதிகம் சரிந்தது. சொந்தக் காசில் சூனியம் என்பது இதுதான். வார்னாக் சுமார் 93,000, ஒசாஃப் 55,000 வித்தியாசத்தில் ஜெயித்தார்கள்.

செனட் 50-50 என்று சமமாகிவிட்டால் துணை அதிபர் ஓட்டே தீர்ப்பு. துணை அதிபராகத் தேர்வான கமலா ஹாரிஸுக்காக, அவருடைய தாய்வழித் தாத்தாவின் ஊரான துளசேந்திரபுரத்தில் வெடி போட்டது நவம்பரில். அந்தப் பதவிக்குப் பல் முளைத்தது ஜார்ஜியாவில்தான். ஜனவரி 20 அன்று அவர் பதவியேற்று, இந்த இருவருக்கும் உறுதிமொழி செய்துவைத்த பிறகே செனட்டின் கட்டுப்பாடு கைமாறியது.

அப்போதும் முழுதாக இல்லை. செனட் குழுக்களை அமைக்கும் தீர்மானம் பிப்ரவரி 3 வரை இழுத்தது. அதுவரை பல குழுக்களில் குடியரசுக் கட்சியின் பழைய தலைவர்களே நீடித்தார்கள். விவாதத்தை முடித்துவைக்க 60 ஓட்டு வேண்டும் என்பதால், கொரோனா நிவாரணச் சட்டத்தை 50 ஓட்டே போதுமான பட்ஜெட் வழியில் கொண்டுபோனார்கள். மார்ச் 6 அன்று 50-49 என நிறைவேறியது. குடியரசுக் கட்சி உறுப்பினர் ஒருவர் துக்க நிகழ்வுக்காக அலாஸ்கா போயிருந்ததால், அன்றைக்கு ஹாரிஸின் ஓட்டுக்கு வேலையே இல்லை.