திருவந்திபுரத்து வேறொரு ஜோடி

திருப்பாப்புலியூரில் மாமாவுக்கு போட்டோ ஸ்டுடியோ. முகூர்த்த நாள் என்றால் ஆள் திருவந்திபுரத்தில்தான் இருப்பார். அங்கே கோயிலில் வரிசையாகத் தாலி கட்டுவார்கள். நம் மாப்பிள்ளையை எடுத்தால் பின்னால் இன்னும் இரண்டு மாப்பிள்ளைகள் சேர்ந்து விழுவார்கள். நெரிசலில் சில சமயம் முழுசாக வேறு ஜோடியே வந்துவிடும். அதையெல்லாம் கழித்துக்கட்டுவது ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம், மஞ்சக்குப்பம் வீட்டில்.

கடை கம்ப்யூட்டரின் டி டிரைவும், மாமா வீட்டுக்குக் கொண்டுபோகும் ஹார்ட் டிஸ்க்கும் ஒன்றுபோல இருக்க யூனிசன் என்ற இலவச மென்பொருளைப் போட்டுக் கொடுத்திருந்தேன். நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

ஒருநாள் போன். “மாப்ள, அழிச்ச போட்டோ எல்லாம் திரும்பி வந்து நிக்குதுடா. வைரஸா?”

போய்ப் பார்த்தேன். வீட்டில் கழித்த ஜோடிகள் எல்லாரும் மாலையும் கழுத்துமாக டிஸ்க்கில் மறுபடி ஆஜர். விசாரித்தால், முந்தின நாள்தான் சர்வீஸ் தம்பி வந்து விண்டோஸை மாற்றிப் போட்டிருக்கிறார். “டி டிரைவ் பக்கமே போகலண்ணே” என்று சத்தியம் செய்தார். உண்மைதான். அவர் துடைத்தது சி டிரைவை. கடைசியாக இரண்டு பக்கமும் ஒத்துப்போனபோது என்னென்ன கோப்பு, எப்போது திருத்தியது, உள்ளடக்கத்தின் அடையாளம் என்ன என்று யூனிசன் எழுதிவைக்கும் கணக்கு அங்கேதான், புள்ளியில் தொடங்கும் பெயருள்ள ஒரு ஃபோல்டரில் இருந்தது.

டி-யில் ஒரு படம் இருக்கிறது, டிஸ்க்கில் இல்லை. இங்கே புதிதாக வந்ததா, அங்கே அழித்ததா? இரண்டு ஃபோல்டரையும் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் பதில் கிடைக்காது. மொய் நோட்டு தொலைந்த வீடு மாதிரிதான். வந்த ஐந்நூறு புது மொய்யா, நாம் செய்ததற்குத் திருப்பி வந்ததா என்று யார் சொல்வது? கணக்கு நோட்டு இருந்தால், யூனிசன் இரு பக்கத்தையும் தனித்தனியாக அதோடு ஒப்பிடும். ஒரு பக்கம் மட்டும் மாறியிருந்தால் அதை அடுத்த பக்கத்துக்குக் கொண்டுபோகும். ஒரே படத்தை இரண்டு பக்கமும் வெவ்வேறு விதமாகத் திருத்தியிருந்தால் தானாக எதையும் செய்யாமல் நம்மைக் கேட்கும். நோட்டே இல்லையென்றால், ஒரு பக்கம் மட்டும் இருப்பதெல்லாம் புதுசு என்றே எடுத்துக்கொள்ளும். இருப்பதை அழிப்பதைவிட அதுதான் நியாயம் என்பேன். மாமா ஒத்துக்கொள்ளவில்லை.

“அப்போ மறுபடி உக்காந்து கழிக்கணுமா?”

“ஆமா மாமா. இப்போ ரெண்டு பக்கமும் ஒண்ணாயிடுச்சு, புதுக் கணக்கும் எழுதியாச்சு. இனிமே அழிச்சா போனது போனதுதான்.”

அவர் முனகிக்கொண்டே மவுஸை எடுக்கும்போதே படம் தேர்ந்தெடுக்க பெண் வீட்டார் வந்து இறங்கிவிட்டார்கள். திரையில் ஓடுவதைப் பார்த்து, “இது யாரு மாப்பிள்ளை?” என்று பெண்ணின் அப்பா பதறினார். மாமா சர்வீஸ் தம்பியில் ஆரம்பித்து விளக்கிக்கொண்டிருக்க, அவர்களோடு வந்த பாட்டி மட்டும் முன்னால் வந்து அந்த வேற்று ஜோடிப் படத்தில் விரலை வைத்தார்.

“தம்பி, இதைப் பெருசாப் போடுப்பா.”

ஜோடிக்குப் பின்னால், மூலையில், பட்டுப்புடவையில் பாட்டி பிரமாதமாக விழுந்திருந்தார்.