மிதிபலகையும் மெத்தையும்

எங்கள் பாடசாலையில் நீளம் பாய்தல் பழகிய எவரும் அந்த ஈர மணலை மறந்திருக்க மாட்டார்கள். ஓடிவந்து கால் ஊன்றி எழும்பும் மிதிபலகையின் விளிம்பை ஒட்டி, இறங்கும் மணற்குழிப் பக்கமாக, ஒரு சாண் அகலத்துக்கு ஈர மணலைப் பரப்பிக் கையால் தடவி மட்டமாக்கி வைப்பார் எங்கள் விளையாட்டு ஆசிரியர். பாய்பவரின் பெருவிரல் பலகையைத் தாண்டினால் அந்த மணலில் தடம் விழும். தடம் விழுந்தால் பாய்ச்சல் செல்லாது.

பொதுவாக அந்தத் தடத்தைக் கண்டதும் பெரியவர்கள் உச்சுக்கொட்டுவார்கள். சேர் அப்படியல்ல. குந்தியிருந்து அதை உற்றுப் பார்ப்பார். விரல்நுனி மட்டும் பதிந்திருந்தால் அவர் முகம் மலர்ந்துவிடும். "ஓட்டம் வந்துவிட்டது. தொடக்க அடையாளத்தைக் கொஞ்சம் பின்னுக்கு வை, ஓட்டத்தை மட்டும் மாற்றிவிடாதே" என்பார். பலகைக்கு ஓரடி முன்னதாகவே எழும்பி, பத்திரமாகக் குழியில் இறங்கியவனைத்தான் அவர் கூப்பிட்டு நிறுத்துவார்.

அதற்குக் காரணம் இருந்தது. கால் எங்கிருந்து எழும்பினாலும் தூரத்தைப் பலகையின் குழிப்பக்க விளிம்பிலிருந்துதான் அளப்பார்கள். பலகையின் அகலமே 20 சென்ரிமீற்றர். அதற்கும் முன்னால் எழும்புகிறவன் அவ்வளவு தூரத்தையும் இனாமாகக் கொடுத்துவிடுகிறான். அதைவிடப் பெரிய இழப்பு வேகம். கோட்டை மிதித்துவிடுவேனோ என்று பயப்படும் பிள்ளை கடைசி மூன்று நான்கு எட்டுகளைக் குறுக்கிவிடும். பார்வை தானாகவே பலகைக்குத் தாழும். ஓடிச் சேர்த்த வேகம் முழுவதும் அங்கேயே கரைந்துபோகும். பாய்ச்சலின் நீளத்தைத் தீர்மானிப்பதே அந்த வேகம்தான். இதையெல்லாம் எங்களுக்குப் புரியும்படி மணலில் கோடு போட்டுக் காட்டுவார்.

அவர் எங்களைக் கண்மூடித்தனமாகப் பாயச் சொன்னதில்லை. 1968ஆம் ஆண்டு மெக்சிக்கோ ஒலிம்பிக்கில் பொப் பீமன் 8.90 மீற்றர் பாய்ந்த கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார். அதுவரை உலக சாதனை 8.35 மீற்றர். ஒரே பாய்ச்சலில் 55 சென்ரிமீற்றர் கூடியது. அந்தச் சாதனை 1991 வரை நிலைத்தது. ஆனால் சேர் அழுத்திச் சொன்னது அதற்கு முந்திய நாள் நடந்ததை. தகுதிச் சுற்றில் பீமனின் முதல் இரண்டு முயற்சிகளும் செல்லாதவை. மூன்றாவதும் தவறினால் வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அப்போது அவர் பலகைக்கு நன்றாக முன்னதாகவே எழும்பி இறுதிச் சுற்றுக்குள் நுழைந்தார். மறுநாள் முதல் முயற்சியிலேயே எல்லாவற்றையும் கொட்டினார். எப்போது பத்திரம் பார்க்கவேண்டும் என்று தெரிந்தவனுக்குத்தான் எப்போது துணியலாம் என்பதும் தெரியும் என்பது சேரின் கணக்கு.

மேற்பிரிவில் நான் பாய்ந்த ஒரு போட்டியில் ஆறாவது முயற்சிக்கு என் முறை வருமுன்பே மற்றவர்கள் எல்லோரும் பாய்ந்து முடித்திருந்தார்கள். முதலிடம் எனக்கென்று ஆகிவிட்டது. கடைசி முயற்சியை விட்டுவிடலாம், காலைக் காப்பாற்று என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். சேர் மட்டும் கிட்ட வந்து, "இனி உன்னிடமிருந்து யாரும் எதையும் பறிக்க முடியாது. இப்போது பாயாவிட்டால் வேறு எப்போது பாய்வாய்?" என்று கேட்டார். ஓடினேன். சிவப்புக் கொடி எழுந்தது; பாய்ச்சல் செல்லாது. ஆனால் குழியில் என் குதி பதிந்திருந்த இடம், நான் அதுவரை எட்டிய எந்த இடத்தையும் விட நன்றாக அப்பால் இருந்தது. அதை அவர் அழிக்க விடவில்லை. "பார், நன்றாகப் பார்" என்று என்னை அங்கேயே நிறுத்திவைத்தார். என்னால் அவ்வளவு தூரம் போக முடியும் என்பதை நான் முதன்முதலாகக் கண்டது அங்கேதான்; அடுத்த பருவம் முழுவதும் அதை நம்பித்தான் பழகினேன்.

2016இல் ரியோ ஒலிம்பிக்கின் கோலூன்றிப் பாய்தலைத் தொலைக்காட்சியில் பார்த்துக்கொண்டிருந்தபோது சேரின் அந்தக் கேள்வி காதில் ஒலித்தது. பிரேசிலின் தியாகோ பிராஸ் 5.93 மீற்றரைத் தாண்டி வெள்ளியை உறுதி செய்திருந்தார். பிரான்சின் லவில்லனி 5.98ஐ முதல் முயற்சியிலேயே தாண்டிவிட்டார். பிராஸ் அந்த உயரத்தைத் தொடவே இல்லை. விட்டுவிட்டு நேராக 6.03க்குப் போனார். அதுவரை அவர் ஆறு மீற்றரைத் தாண்டியதே கிடையாது! இரண்டாவது முயற்சியில் தாண்டினார், தங்கம் அவருக்கு.

இங்கே புலம்பெயர்ந்த நாட்டில் வார இறுதிகளில் நானும் சிறுவர்களுக்குத் தடகளம் பழக்குகிறேன். ஓடத் தொடங்குமுன் பிள்ளை ஓரக்கண்ணால் பார்ப்பது பலகையையல்ல, அம்மாவையோ அப்பாவையோதான். "கவனம், பிழைவிட்டுவிடாதே" என்ற குரல் அங்கிருந்து வரும். அன்பில் வரும் குரல்தான். ஆனால் அந்த ஒரு சொல்லோடு பிள்ளையின் எட்டுகள் குறுகுவதை நான் கண்ணால் பார்க்கிறேன். அஞ்சலோட்டத்திலும் இதே கதை. தடியைக் கொண்டுவருகிறவர் அடையாளத்தை எட்டியதும், வாங்குகிறவர் திரும்பிப் பாராமல் முழு வேகத்தில் கிளம்பவேண்டும். தடி விழுந்தால் ஏச்சு விழும் என்று தெரிந்த பிள்ளை திரும்பித் திரும்பிப் பார்க்கும். பத்துப் பன்னிரண்டு வயதில் வாங்கும் பதக்கம் பெரிதல்ல. தவறிய முயற்சிக்குப் பிறகு பெற்றோர் காட்டும் முகம்தான் அந்த வயதில் பெரிது. பெற்றோருக்கு இதை மன்றாடியே சொல்கிறேன்.

துணிவைக் கேட்கிறவர்கள் விழுவதற்கு இடமும் அமைத்துத் தரவேண்டும். காலில் நோவோடு வந்தவனைச் சேர் ஒருபோதும் பாயவிட்டதில்லை. குழி மணலைக் கிளறி மென்மையாக்காமல் பயிற்சி தொடங்கியதும் இல்லை. அதே மெக்சிக்கோவில் உயரம் பாய்தலில் டிக் பொஸ்பெரி முதுகைக் கம்பத்துக்குக் கொடுத்து 2.24 மீற்றர் தாண்டி உலகத்தையே வியக்கவைத்தார். பயிற்சியாளர்கள் பழைய முறைக்கே அவரைத் திருப்பப் பார்த்தார்கள், அவர் கேட்கவில்லை. ஆனால் அவர் படித்த பாடசாலையில் மரச்சீவல் குழிக்குப் பதிலாக மென்மையான மெத்தை வந்திருக்காவிட்டால், அந்த மாணவன் முதுகும் கழுத்தும் முதலில் தரையில் படும்படி விழுந்து பழகியிருக்கவே முடியாது. இன்று உலகம் முழுவதும் பாயும் முறைக்கு ஒரு பையனின் பிடிவாதமும் வேண்டியிருந்தது, ஒரு மெத்தையும் வேண்டியிருந்தது.

ஆகவே எங்கள் பழைய மாணவர் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பாடசாலை விளையாட்டுப் போட்டிக்கு வெற்றிக் கிண்ணங்கள் அனுப்புகிறோம், அனுப்புவோம். இம்முறை அந்தப் பணத்தில் ஒரு பங்கை உயரம் பாய்தல் மெத்தைக்கும், மிதிபலகையைப் புதுப்பிப்பதற்கும், குழிக்கு நல்ல மணலுக்கும் ஒதுக்குவோம். தன் சொந்த உயரத்துக்கு மேலே கம்பத்தை வைத்துப் பாய்ந்து பார்த்த பிள்ளைகளுக்கு, தாண்டினாலும் தாண்டாவிட்டாலும், ஒரு சான்றிதழ் கொடுப்போம். அடுத்த பொதுக்கூட்டத்தில் இதை நான் முன்மொழியப் போகிறேன். அந்த மைதானத்தில் ஓடிய யாராவது ஒருவர் வழிமொழிய வேண்டும்.