ஓவியம் பார்க்காமலே ஒரு சுற்று

சிங்கப்பூர் நேஷனல் கேலரிக்கு நான் போவதெல்லாம் ஓவியம் பார்க்கத்தான் என்று சொல்ல முடியாது. பழைய உச்ச நீதிமன்றத்தையும் சிட்டி ஹாலையும் இணைத்து 2015-ல் திறந்தார்கள். இரண்டுக்கும் நடுவில் கண்ணாடிக் கூரை, அதைத் தாங்க மரம்போலக் கிளை விரிக்கும் தூண்கள். அங்கே உட்கார டிக்கெட் வேண்டாம்.

ஊரிலிருந்து வந்த மாமியாரைக் கூட்டிப்போனேன். அவரை நிறுத்திப் பிடித்தது விசாரணைக் கைதிகளை வைத்திருந்த இரண்டு சிறு அறைகள். கழிப்பிடமும் அதற்குள்ளேயேதான். "நம்ம வீட்டு ஸ்டோர் ரூமே பெருசும்மா" என்றார்.

அப்புறம் பழைய உச்ச நீதிமன்றத்தின் அடிக்கல். 1937-ல் நாட்டியது, அதன் அடியில் அக்கால நாளிதழ்களும் நாணயங்களும் உள்ள பெட்டி இருக்கிறது. திறப்பது 3000-ஆம் ஆண்டில்! "யாரு இருப்பா அதுக்கு?" என்று சிரித்துவிட்டார்.

கால் வலித்தால் மேலே மொட்டைமாடிக்குப் போய்விடுங்கள். பாடாங் திடலும் மரீனா பே பகுதியும் நேரே தெரியும். மாலை ஐந்துக்கு மேல் போவது உத்தமம். அதற்கு முன் வெயில் மண்டையைப் பிளக்கும். பிள்ளைகள் கூட வந்தால் கேலரிக்குள்ளேயே இருக்கும் சிறுவர்களுக்கான கெப்பல் கலைக்கல்வி மையத்துக்குக் கூட்டிப்போகலாம், கிளப்புவதுதான் கஷ்டம்.