சுல்லி மாளிகையும் அதன் பின்வாசலும்

பாரிஸின் மரே பகுதியில் சான் அந்த்வான் தெரு எப்போதும் பரபரப்பாகத்தான் இருக்கும். பேக்கரி, துணிக்கடை, பஸ், சைக்கிள் என்று கண் எங்கெங்கோ ஓடும். 62ஆம் எண் வாசலைக் கவனிக்காமலே பலர் போய்விடுகிறார்கள். உள்ளே போனால் சுல்லி மாளிகையின் முற்றம். முற்றத்தையும் தோட்டத்தையும் பார்க்கக் கட்டணம் கிடையாது.

17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் பணக்காரர்கள் எப்படி வீடு கட்டினார்கள் என்பது இங்கே ஒரு நடையிலேயே புரிந்துவிடும். தெருவோரம் வாசல், பிறகு முற்றம், அதன் கடைசியில் குடியிருக்கும் கட்டடம், அதற்கும் பின்னால் தோட்டம். வண்டி முற்றம்வரை வரும். தெருவின் சத்தமும் சேறும் வெளியோடு சரி.

மெம் காலே என்ற பணக்காரர் 1625 வாக்கில் கட்டத் தொடங்கிய வீடு இது. வடிவமைத்தவர் ழான் ஆந்த்ருவே து செர்சோ என்கிறார்கள். காலேக்கு இது நிலைக்கவில்லை. வீடு கைமாறிப் போனது. 1634இல் இதை வாங்கியவர், நான்காம் ஹென்றி மன்னரின் நிதியமைச்சராக இருந்த சுல்லி பிரபு. அப்போது அவருக்கு எழுபது வயதைத் தாண்டியிருந்தது. பெயர் மட்டும் அவருடையதாக நிலைத்துவிட்டது.

முற்றத்தில் சுவரை வெறுமையாக விடவே மனசு வரவில்லை போலிருக்கிறது. பக்கச் சுவர்களில் நிலம், நீர், நெருப்பு, காற்று. எதிர்ச் சுவரில் இலையுதிர் காலமும் குளிர்காலமும் ஆளுயரப் புடைப்புச் சிற்பங்களாக நிற்கின்றன. படிக்கட்டின் இருபுறமும் பெண் தலையும் சிங்க உடலுமாக இரண்டு ஸ்பிங்க்ஸ்கள். என் ரசனைக்கு இது கொஞ்சம் அதிகம்தான். வசந்தமும் கோடையும் எங்கே என்று தேட வேண்டாம், அவை தோட்டப் பக்கச் சுவரில் இருக்கின்றன. தோட்டத்தின் மேற்குப் பக்கக் கட்டடம் மட்டும் 1660 வாக்கில் சேர்ந்தது. பிரான்சுவா லெ வோ என்ற கட்டடக் கலைஞரின் வேலை.

1726இல் இங்கே விருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்த பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேரை யாரோ தெருவுக்குக் கூப்பிட்டார்கள். வெளியே வந்தவரை, ரோஹான் என்ற பிரபு ஏவிய ஆட்கள் அடித்து நொறுக்கினார்கள். விருந்து வைத்த சுல்லி வம்சத்துப் பிரபு அவருக்காக நியாயம் கேட்கவில்லை. வழக்கு, சண்டை என்று துடித்த வால்டேரைத்தான் கடைசியில் சிறையில் போட்டார்கள். அந்த பஸ்தீய் சிறை இதே தெருவின் முனையில்தான் இருந்தது.

பிற்பாடு மாளிகை வாடகைக் குடித்தனங்களும் கடைகளுமாக ஆனது. 1862இலேயே பாதுகாக்கப்பட்ட சின்னமாக அறிவித்தார்கள். அறிவிப்பு மட்டும் வீட்டைக் காப்பாற்றிவிடுமா என்ன? அரசு விலைக்கு வாங்கியதே 1944இல்தான். அப்புறம் நடந்த நீண்ட சீரமைப்பில், பின்னாளில் ஒட்டிக்கொண்டவற்றை அகற்றி 17ஆம் நூற்றாண்டுத் தோற்றத்தை மீட்டார்கள். அழகுதான், மறுக்கவில்லை. ஆனால் இங்கே கடை வைத்துப் பிழைத்தவர்களின் சுவடு எதுவும் என் கண்ணில் படவில்லை. அது எனக்கு ஒரு குறை. இப்போது பிரான்ஸின் தேசிய நினைவுச்சின்னங்கள் மையத்துக்கு இதுதான் தலைமையகம். உள்ளே இருக்கும் புத்தகக் கடையில் அண்ணாந்து பாருங்கள், பழைய மர உத்தரங்களில் வண்ணச் சித்திரங்கள் இருக்கின்றன.

தோட்டத்தின் கோடியில் ஒரு சின்னக் கதவு. நேராக பிளாஸ் தெ வோஸ் சதுக்கத்தில் கொண்டுபோய் விடும். நிறையப் பேர் அந்தப் பக்கமிருந்து நுழைந்து, முற்றத்தைக் கடைசியில் பார்க்கிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள். சான் பால் மெட்ரோவில் இறங்கித் தெருவாசல் வழியாகவே வாருங்கள். கட்டியவர் யோசித்து வைத்த வரிசை அதுதான்.