தையல்காரரும் என் ‘ம்ம்’மும்

இதழியல் படித்தபோது வானொலிப் பாடத்தில் எனக்குக் கிடைத்த முதல் வேலை, ஒரு மனிதரைப் பற்றி 3 நிமிடத்தில் ஒரு கதை. அதுவரை எழுதித்தான் பழக்கம். பேட்டியைப் பதிவு செய்து, நடுநடுவே என் குரலை ஒட்டினால் முடிந்தது என்று நினைத்தேன்.

வயதான தையல்காரர் ஒருவரைப் பிடித்தேன். பார்வை மங்கிக்கொண்டு வருகிறது, தொழிலை விடவில்லை. ஒரு மணி நேரம் மனம் விட்டுப் பேசினார். திருப்தியாகத் திரும்பி வந்து ஹெட்ஃபோனை மாட்டினால், அவர் பேச்சின் மேலெல்லாம் நான்! "ம்ம்", "ஆமாங்க", "அப்படியா". நேரில் அது மரியாதை, பதிவில் கறை. "ஊசியில நூல் கோக்கிறதுதான் தம்பி இப்பப் பெரிய வேலை, மத்ததெல்லாம் கை பாத்துக்கும்" என்றிருந்தார். அந்தக் "கை பாத்துக்கும்" மேல் என் "ம்ம்" ஏறி உட்கார்ந்திருந்தது. எழுத்தில் என்றால் மேற்கோள் குறி போட்டுவிட்டுப் போயிருப்பேன். இங்கே இரண்டு குரலும் ஒரே மைக்கில் விழுந்திருந்தன. ஒன்றை மட்டும் உருவி எடுக்க எனக்கு வழி தெரியவில்லை.

மறுநாள் போய், "ஐயா, அதை இன்னொரு தடவை சொல்ல முடியுமா?" என்று கேட்டேன். சொன்னார், பள்ளிப் பிள்ளை செய்யுள் ஒப்பிப்பது போல. அப்புறம்தான் வாயை மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டக் கற்றுக்கொண்டேன். சொல்லும்போது சுலபமாகத் தெரிகிறது. எனக்கு இரண்டு மாதம் பிடித்தது.

மறுநாள் போன அன்றே இன்னொரு வேலையும் பாக்கி இருந்தது. முதல் பதிவை வெட்டி ஒட்டியபோது, ஒவ்வொரு வெட்டிலும் ஃபேன் சத்தம் குதித்தது. "வெறும் அறையைப் பதிவு செஞ்சியா?" என்று கேட்டார் ஆசிரியர். யாரும் பேசாத அறைக்கும் ஒரு சத்தம் உண்டு. அதை ஒரு நிமிடம் தனியாக எடுத்து வைத்துக்கொண்டால், வெட்டுகளுக்கு அடியில் விரித்துத் தையலை மறைக்கலாம். தையல்காரரிடம் ஒரு நிமிடம் சும்மா இருக்கச் சொன்னேன். பொறுமையாக இருந்துவிட்டு, "நீங்க ஒண்ணுமே கேக்கலையே தம்பி?" என்றார்.

மைக்கை வாய்க்கு ஒரு சாண் தள்ளி, சற்றே பக்கவாட்டில் பிடித்தால், 'ப' சொல்லும்போது காற்று மைக்கில் மோதி வெடிக்காது. இது ஒரே நாளில் வந்துவிட்டது. வராதது எழுத்து. "40 ஆண்டுகளாகத் தையல் தொழில் செய்துவரும், அண்மைக் காலமாகப் பார்வை மங்கிவரும் இவர்" என்று தொடங்கியிருந்தேன். தமிழில் ஆளுக்கு முன்னால் எத்தனை 'வரும்' வேண்டுமானாலும் அடுக்கலாம், வினைமுற்று கடைசியில்தான் வரும். கண் திரும்பிப் போய்ப் படிக்கும், காதுக்கு அந்த வசதி இல்லை. உரக்கப் படித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. கடைசியில் இப்படி ஆயிற்று: "இவருக்குத் தையல்தான் தொழில். 40 வருடமாக. இப்போது கண் சரியாகத் தெரிவதில்லை."

எடிட்டிங்கில் ஒரு இடத்தைத் தாராளமாக வெட்டியிருந்தேன். மெஷின் தடதடவென்று ஓடி நிற்கிறது. 9 விநாடி ஒன்றுமில்லை. மறுபடி ஓடுகிறது. வானொலியில் 9 விநாடி மௌனமா என்று தூக்கிவிட்டு, "அவர் ஊசியில் நூல் கோக்கத் திணறுகிறார்" என்று என் குரலில் சொல்லியிருந்தேன். ஆசிரியர் மூலப் பதிவைப் போடச் சொன்னார். ஹெட்ஃபோனில் கவனித்தால் நூல் நுனியை வாயில் நனைக்கும் சின்னச் சத்தம். மூச்சு. "ச்சு" என்று ஒரு சலிப்பு. இன்னொரு மூச்சு. பிறகு மிதி. என் வரியைத் தூக்கிவிட்டு அந்த 9 விநாடியையும் அப்படியே வைத்தோம்.

முடித்ததைத் தையல்காரரிடம் கொண்டுபோய்ப் போட்டுக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு முழுசாகக் கேட்டார். நான் என்ன சொல்வாரோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மெஷின் இவ்வளவு சத்தம் போடுதா? எண்ணெய் விடணும் போலிருக்கே" என்றார்.